காலியான கணினியிலிருந்து ஒரே கட்டளையில் இமேஜ்: எம்பெடட் லினக்ஸுக்கான பில்ட் ஆட்டோமேஷன், முழுமையான வழிகாட்டி

ஓர் எம்பெடட் கருவி, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் சின்னக் கணினியை உள்ளே பொருத்திய கருவி, களத்தில் 10, 15 ஆண்டுகள் ஓடும். அதன் மென்பொருளை உருவாக்கிய லேப்டாப் அவ்வளவு காலம் இருக்காது. உருவாக்கியவரும் அதே வேலையில் இருக்க மாட்டார். நான் வேலை பார்த்த ஒரு குழுவில் இதுதான் நடந்தது. மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கருவிக்குச் சின்னப் பிழைத்திருத்தம் தேவைப்பட்டது. மாற்ற வேண்டியது இரண்டே வரி. எங்கள் சோர்ஸ் கோடு கிட்டில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த இமேஜை, அதாவது கருவியில் ஏற்றும் முழு மென்பொருள் கோப்பை, எந்தக் கம்பைலரால், எந்த லைப்ரரிகளோடு, எந்தக் கர்னல் அமைப்போடு எடுத்தார்கள் என்பது எங்கும் பதிவாகவில்லை. அதெல்லாம் ஒருவருடைய கணினியில் இருந்தது, அந்தக் கணினியை எப்போதோ ஃபார்மேட் செய்துவிட்டார்கள். இரண்டு வரி மாற்றம் வெளியே போக ஆறு வாரம் ஆனது.

அன்றிலிருந்து எந்த பில்ட் அமைப்பைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: காலியான ஒரு கணினியைக் கொடுத்தால், ஒரே கட்டளையில், அதே இமேஜ் வருமா? 'வரும்' என்று தைரியமாகச் சொல்லும் நிலைக்கு உங்கள் திட்டத்தைக் கொண்டுபோவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம். பில்ட்ரூட் என்ற கருவியை வைத்துச் செய்து பார்ப்போம். பெரிய திட்டங்களுக்கான யாக்டோவும் மைக்ரோகண்ட்ரோலர்களுக்கான செஃபிரும் எப்போது வேண்டும் என்பதையும் நடுவில் சொல்கிறேன். கையில் போர்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, க்யூஎமு எமுலேட்டரிலேயே எல்லாம் ஓடும். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டுங்கள்.

## மேக் எதைச் செய்யும், எதைச் செய்யாது

1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் மேக் கருவியை எழுதினார். அதற்குக் காரணமான சம்பவம் இன்றும் நமக்கு நடப்பதுதான். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன், ஏற்கனவே சரிசெய்துவிட்ட நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கியிருந்தார். கோப்பைத் திருத்திவிட்டார், ஆனால் அது மறுபடி கம்பைல் ஆகவில்லை. பழைய ஆப்ஜெக்ட் கோப்பே திரும்பத் திரும்ப லிங்க் ஆகிக்கொண்டிருந்தது.

மேக்கின் வழி எளிது. சோர்ஸ் கோப்பு மாறிய நேரம், அதிலிருந்து பிறந்த கோப்பின் நேரத்தைவிடப் புதியதாக இருந்தால் மறுபடி கட்டும். ஒற்றை நிரலுக்கு இது போதும். ஆனால் நீங்கள் கம்பைலரையே மாற்றியிருந்தால்? சூழல் மாறி ஒன்றில் ஒரு ஃபிளாகை மாற்றியிருந்தால்? எந்தக் கோப்பின் நேரமும் மாறவில்லை, அதனால் செய்ய வேலை இல்லை என்று மேக் சொல்லிவிடும். நெட்வொர்க் டிரைவில் வைத்துக் கட்டும்போது இரண்டு கணினிகளின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டாலும் குழப்பம்தான்.

எம்பெடட் இமேஜ் என்பது ஒற்றை நிரலும் அல்ல. கிராஸ் கம்பைலர் (வேறொரு பிராசசருக்கான நிரலைத் தரும் கம்பைலர்), பூட்லோடர் (கர்னலைத் தொடங்கிவைப்பது), கர்னல், டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருள் விவரம்), சி லைப்ரரி, பிசிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு), பத்திருபது திறந்த மூல லைப்ரரிகள், கடைசியில் உங்கள் செயலி. இவற்றில் ஒன்று ஆட்டோடூல்ஸில் கட்டப்படும், இன்னொன்று சிமேக்கில், மற்றொன்று மேசானில், வேறொன்று தன் சொந்த மேக்ஃபைலில். எல்லாமே கட்டும் கணினிக்காக அல்லாமல் வேறொரு பிராசசருக்காகக் கட்டப்பட வேண்டும். ஏதோ ஒரு பேக்கேஜ் உங்கள் கணினியின் ஹெட்டர் கோப்புகளைத் தெரியாமல் எடுத்துக்கொண்டால் பில்ட் வெற்றிகரமாக முடியும், கருவியில் விசித்திரமாகச் செயலிழக்கும். இவை எல்லாவற்றையும் மேலிருந்து ஒழுங்குபடுத்த ஒரு கருவி வேண்டும். நாம் பேசப்போவது அதைத்தான்.

## படி 1: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

லினக்ஸ் ஓடும் அளவுக்கு நினைவகமும் பிராசசரும் இருந்தால் போட்டி பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான்.

பில்ட்ரூட் 2001-ல் தொடங்கியது. யுசிலிப்சி என்ற சின்ன சி லைப்ரரியைச் சோதித்துப் பார்க்க அதன் உருவாக்குநர்களே எழுதிக்கொண்ட சோதனைத் தளம், பிறகு தனிக் கருவியாக வளர்ந்துவிட்டது. உள்ளே இருப்பது மேக்கும், லினக்ஸ் கர்னலின் அமைப்பு மெனு முறையான கேகான்ஃபிக்கும் மட்டும்தான். கர்னல் அமைப்புத் திரையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பழகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு. பிப்ரவரி வெளியீடு நீண்டகால ஆதரவு பெறும்.

யாக்டோ திட்டத்தை லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2010-ல் அறிவித்தது. அதன் வேர் 2003-ல் தொடங்கிய ஓப்பன்எம்பெடட். இதயம் பிட்பேக் என்ற கட்டும் கருவி, ஜென்டூ லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜரான போர்ட்டேஜிலிருந்து கிளைத்தது. ஒரே அடித்தளத்தில் ஐந்து போர்டுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வகை இமேஜ், கருவியில் பேக்கேஜ் மேனேஜர், சிப் நிறுவனம் தரும் லேயர்கள் (கூடுதல் அமைப்புத் தொகுப்புகள்) என்று தேவை விரிந்தால் யாக்டோ.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: ஒரே போர்டு, சின்னக் குழு, மொத்த இமேஜையும் ஒரேயடியாக மாற்றும் அப்டேட் முறை என்றால் பில்ட்ரூட்டில் தொடங்குங்கள். ஒரு மதிய வேளையில் முழுதும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பில்ட் அமைப்பு, உடையும்போது சரிசெய்யக்கூடிய பில்ட் அமைப்பும்கூட. யாக்டோவைக் கற்க வாரங்கள் ஆகும். அந்த வாரங்களுக்கு ஈடான தேவை உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லினக்ஸே ஓடாத மைக்ரோகண்ட்ரோலர் என்றால் கதை வேறு. அதற்குத் தனிப் பகுதி கீழே உள்ளது.

## படி 2: கட்டும் சூழலைப் பூட்டுங்கள்

பில்ட்ரூட்டும் யாக்டோவும் தங்களுக்கான கிராஸ் கம்பைலரைத் தாங்களே கட்டிக்கொள்ளும். ஆனால் அதைக் கட்டுவதற்கே உங்கள் கணினியின் ஜிசிசி, மேக், பெர்ல், பைத்தான் போன்றவை தேவை. அந்த அடிமட்டம் மாறினால் மேலே உள்ளதும் ஆடும். புதிய டிஸ்ட்ரிபியூஷனுக்கு அப்டேட் செய்தவுடன் பழைய பேக்கேஜ்கள் கம்பைல் ஆகாமல் போவது நாம் எல்லோரும் பார்த்ததுதான்.

அதனால் முதல் நாளிலேயே ஒரு கண்டெய்னர், அதாவது கணினியின் மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த கட்டும் சூழல், செய்துவிடுங்கள். டாக்கரோ பாட்மேனோ, எதுவும் சரி. நீண்டகால ஆதரவுள்ள ஒரு டெபியன் அல்லது உபுண்டு அடிப்படை இமேஜை எடுத்து, கருவியின் கையேடு பட்டியலிடும் பேக்கேஜ்களை மட்டும் நிறுவுங்கள். இங்கே மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். அடிப்படை இமேஜை டேக் பெயரால் குறிக்காதீர்கள், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் டைஜெஸ்டால் குறியுங்கள். டேக் நாளை வேறொன்றைச் சுட்டும், டைஜெஸ்ட் மாறாது. கண்டெய்னருக்குள் ரூட் பயனராக இல்லாமல் சாதாரணப் பயனராகக் கட்டுங்கள். பிட்பேக் ரூட்டாக ஓடவே மறுக்கும். பில்ட்ரூட் ஓடும், ஆனால் ஒரு பேக்கேஜின் இன்ஸ்டால் கட்டளை தவறினால் உங்கள் கணினியின் கோப்புகளையே மேலெழுதும் ஆபத்து உண்டு. அப்புறம், கட்டி முடித்த கண்டெய்னர் இமேஜை உங்கள் சொந்த ரெஜிஸ்ட்ரியில் சேமியுங்கள். டாக்கர்ஃபைல் மட்டும் இருந்தால் போதாது. அதை மூன்று ஆண்டுகள் கழித்து ஓட்டினால் அன்றைய பேக்கேஜ்கள்தான் வரும்.

## படி 3: முதல் இமேஜ்

பில்ட்ரூட்டின் கிட் களஞ்சியத்தை இறக்கி, நீண்டகால ஆதரவு வெளியீட்டின் டேக் ஒன்றுக்குப் போங்கள். மாஸ்டர் கிளையில் தயாரிப்பு இமேஜ் எடுக்க வேண்டாம்.

இனி மேக் க்யூஎமு ஆர்ச்64 விர்ட் டெஃப்கான்ஃபிக். க்யூஎமுவில் ஓடும் 64 பிட் ஆர்ம் இயந்திரத்துக்கான தயார் அமைப்பை இது எடுத்துவைக்கும். அடுத்து வெறும் மேக். அவ்வளவுதான். கணினியைப் பொறுத்து நேரம் எடுக்கும், ஏனென்றால் முதலில் டூல்செயின் கட்டப்படுகிறது: பைன்யூட்டில்ஸ், ஜிசிசியின் ஆரம்பகட்ட வடிவம், கர்னல் ஹெட்டர்கள், சி லைப்ரரி, பிறகு அந்த லைப்ரரியை வைத்து முழுமையான ஜிசிசி. கம்பைலர் இரண்டு முறை கட்டப்படுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சி லைப்ரரியைக் கட்டக் கம்பைலர் வேண்டும், முழுமையான கம்பைலருக்கு சி லைப்ரரி வேண்டும். அந்த வட்டத்தை உடைக்க வேறு வழி இல்லை. காத்திருக்க விருப்பமில்லை என்றால் மெனுகான்ஃபிக் என்ற அமைப்புத் திரையில் வெளி டூல்செயினைத் தேர்ந்தெடுங்கள். பூட்லின் நிறுவனம் தயார் டூல்செயின்களை வெளியிடுகிறது, பில்ட்ரூட்டுக்கு அவை நேரடியாகத் தெரியும்.

முடிந்ததும் அவுட்புட் கோப்புறைக்குள் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கோப்புறையும் எதற்கு என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிழைகளை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். பில்டில் ஒவ்வொரு பேக்கேஜும் விரிக்கப்பட்டு கம்பைல் ஆகும். ஹோஸ்டில் உங்கள் கணினியில் ஓடும் கருவிகள், கிராஸ் கம்பைலர் உட்பட. டார்கெட்டில் கருவிக்குப் போகவேண்டிய கோப்புகள். இமேஜஸில் கடைசிப் பலன். டார்கெட் கோப்புறையை அப்படியே கருவிக்கு நகலெடுக்கும் தவறு மிகவும் பொதுவானது. அதற்காகவே 'இது உன் ரூட் ஃபைல் சிஸ்டம் அல்ல' என்ற பொருளில் பெயரிட்ட ஒரு கோப்பை உள்ளே வைத்திருக்கிறார்கள். கோப்பு உரிமைகளும் டிவைஸ் கோப்புகளும் கடைசியில் இமேஜ் கட்டும்போதுதான் சரியாகும்.

இமேஜஸ் கோப்புறையில் ஸ்டார்ட் க்யூஎமு என்ற ஸ்கிரிப்ட் இருக்கும், ஓட்டுங்கள். கர்னல் செய்திகள் ஓடி லாகின் வரி வரும். ரூட் என்று தட்டினால் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போகலாம். வெளியேற கண்ட்ரோல்-ஏ அழுத்தி, பிறகு எக்ஸ்.

## படி 4: உங்களுடையதைத் தனியே வையுங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் வழி தவறுகின்றன. பில்ட்ரூட்டின் மூலத்துக்குள்ளேயே கை வைத்து, தங்கள் பேக்கேஜைச் சேர்த்து, நாலு கோப்புகளைத் திருத்தி, அப்படியே கமிட் செய்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் புதிய வெளியீட்டுக்குப் போகும்போது எது பில்ட்ரூட்டினுடையது, எது நம்முடையது என்று பிரிக்க முடியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தும் எடுத்துக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்குத்தான் வெளி மரம் என்ற வசதி. உங்கள் களஞ்சியத்தில் ஒரு கோப்புறை. அதில் எக்ஸ்டெர்னல் டாட் டெஸ்க், எக்ஸ்டெர்னல் டாட் எம்கே, கான்ஃபிக் டாட் இன் என்ற மூன்று கோப்புகள். கூடவே கான்ஃபிக்ஸ், பேக்கேஜ், போர்டு என்ற துணைக் கோப்புறைகள். பில்ட்ரூட்டையே கிட் சப்மாட்யூலாக ஒரு குறிப்பிட்ட கமிட்டில் நிறுத்துங்கள். மேக் கட்டளையோடு பிஆர்2 எக்ஸ்டெர்னல் மாறியில் உங்கள் மரத்தின் பாதையையும், ஓ மாறியில் அவுட்புட் போகவேண்டிய இடத்தையும் கொடுத்தால் பில்ட்ரூட்டின் மூலம் தொடப்படாமலே இருக்கும்.

அமைப்பைச் சேமிக்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மெனுகான்ஃபிக்கில் செய்த மாற்றம் அவுட்புட்டில் உள்ள டாட் கான்ஃபிக் கோப்பில்தான் இருக்கும், அது கிட்டுக்குள் இல்லை. மேக் சேவ்டெஃப்கான்ஃபிக் ஓட்டினால்தான் உங்கள் மரத்துக்குச் சுருக்கமான வடிவில் போகும். கர்னலுக்கும் அப்படியே: லினக்ஸ் மெனுகான்ஃபிக்கில் மாற்றிய பிறகு லினக்ஸ் அப்டேட் டெஃப்கான்ஃபிக் ஓட்டுங்கள். இதை மறந்துவிட்டு, அடுத்த முறை சுத்தமாகக் கட்டும்போது ஒரு டிரைவர் காணாமல் போய், ஏன் என்று தெரியாமல் ஒரு நாள் முழுதும் தேடியவர்கள் ஏராளம். கர்னல் பதிப்பையும் எண்ணோடு குறிப்பிடுங்கள். 'லேட்டஸ்ட்' என்ற தேர்வை விட்டால், பில்ட்ரூட்டை மேம்படுத்தும் நாளில் கர்னலும் சொல்லாமல் மாறிவிடும்.

கருவிக்கான சொந்தக் கோப்புகளை, அதாவது நெட்வொர்க் அமைப்பு, தொடக்க ஸ்கிரிப்ட் போன்றவற்றை, போர்டு கோப்புறையில் ஓவர்லே என்று வைத்து, அதன் பாதையை மெனுவில் கொடுங்கள். கட்டி முடியும் தருணத்தில் டார்கெட்டின் மேல் அவை நகலாகும்.

## படி 5: உங்கள் செயலியை பேக்கேஜ் ஆக்குங்கள்

செயலியைத் தனியே கம்பைல் செய்து பைனரியை ஓவர்லேயில் போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்த பைனரி எந்த சோர்ஸிலிருந்து வந்தது என்ற சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

பேக்கேஜ் எழுதுவது சிரமமில்லை. பேக்கேஜ் கோப்புறைக்குள் செயலியின் பெயரில் ஒரு கோப்புறை, அதில் மெனுவில் தெரிவதற்கான கான்ஃபிக் டாட் இன், கட்டும் முறையைச் சொல்லும் எம்கே கோப்பு. எம்கே கோப்பில் நாலு விவரம்: பதிப்பு, எங்கிருந்து எடுப்பது, எந்த வழியில் எடுப்பது, எந்த லைப்ரரிகள் முன்னதாக வேண்டும். கடைசி வரியில் சிமேக் பேக்கேஜ் என்ற உள்கட்டமைப்பை அழைத்தால், கான்ஃபிகர் செய்வது, கம்பைல் செய்வது, நிறுவுவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பதிப்பு என்ற இடத்தில் கிட் டேக் அல்லது முழு கமிட் ஹேஷ் போடுங்கள். கிளையின் பெயரைப் போடுவதை பில்ட்ரூட் ஆதரிப்பதில்லை. இறக்கிய கோப்பு ஒருமுறை கேஷில் உட்கார்ந்துவிட்டால் கிளை நகர்ந்தாலும் பழையதுதான் கட்டப்படும், வேறொரு கணினியில் புதியது கட்டப்படும்.

தேவைப்படும் லைப்ரரிகளை ஒன்றுவிடாமல் குறிப்பிடுங்கள். விட்டுப்போன ஒன்று தற்செயலாக முன்பே கட்டப்பட்டிருந்தால் இன்று வேலை செய்யும். வரிசை மாறும் நாளில் உடையும்.

அன்றாட வேலையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் டேக் போட முடியாது அல்லவா? லோக்கல் டாட் எம்கே என்ற கோப்பில், இந்தப் பேக்கேஜுக்கு மட்டும் சோர்ஸ் என் கணினியின் இந்தக் கோப்புறை என்று ஓவர்ரைடு எழுதலாம். பிறகு பேக்கேஜ் பெயரோடு ரீபில்ட் சேர்த்து மேக் ஓட்டினால் மாறியது மட்டும் கட்டப்படும். இந்தக் கோப்பை கிட்டில் சேர்க்கக்கூடாது.

பில்ட்ரூட்டின் ஒரு வரம்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். மெனுவில் ஒரு பேக்கேஜை நீக்கினால் டார்கெட்டில் ஏற்கனவே நிறுவிய கோப்புகள் போகாது. ஒரு லைப்ரரியின் அமைப்பை மாற்றினால் அதைச் சார்ந்தவை தானாக மறுபடி கட்டப்படாது. சந்தேகம் வந்தால் மேக் கிளீன் செய்து முழுதும் கட்டுங்கள். எளிமைக்குக் கொடுக்கும் விலை அது.

## படி 6: இறக்கிய ஒவ்வொரு கோப்பையும் உங்களிடம் வையுங்கள்

உங்கள் இமேஜுக்குத் தேவையான சோர்ஸ் கோப்புகள் பல்வேறு சர்வர்களில் கிடக்கின்றன. ஐந்து ஆண்டுகளில் அவற்றில் சில மூடப்படும், சில இடம் மாறும். மேக் சோர்ஸ் என்ற கட்டளை தேவையான எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கிவிடும். அந்தக் கோப்புறையை உங்கள் சர்வரில் வைத்து, பிரைமரி சைட் என்ற தேர்வில் அதன் முகவரியைக் கொடுங்கள். பிரைமரி சைட் மட்டும் என்ற தேர்வையும் போட்டுவிட்டால் வெளியே போய் எதையும் எடுக்காது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் உடனே பில்ட் நிற்கும். அப்படி நிற்பதைத்தான் நாம் விரும்புகிறோம்.

ஹேஷ் கோப்பு எழுதுவதைச் சோம்பலால் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு பேக்கேஜின் கோப்பும் ஷா-256 மதிப்போடு, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகையோடு, ஒத்துப்போகிறதா என்று பில்ட்ரூட் சரிபார்க்கும். வழியில் யாராவது மாற்றியிருந்தால் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் ஹேஷ் காப்பாற்றாத இடமும் உண்டு, அதைப் புரிந்துகொள்வது முக்கியம். 2024 மார்ச் மாதக் கடைசியில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருப்பதை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை வினாடி தாமதமாவது ஏன் என்று அவர் தோண்டியதில் வெளிவந்தது அது. பின்வாசலைத் தூண்டிவிட்ட ஸ்கிரிப்ட் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட சுருக்கக் கோப்பில் மட்டும், கான்ஃபிகர் கட்டத்தில் ஓடும் பில்ட் ஸ்கிரிப்டாக ஒளிந்திருந்தது. அதாவது தாக்கியவர் தேர்ந்தெடுத்த இடம் பில்ட் அமைப்புதான். சி கோடை வரிக்கு வரி படிக்கும் நாம் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை யாருமே படிப்பதில்லை. உங்கள் பில்டை நெட்வொர்க் இல்லாத கண்டெய்னரில் ஓட்டுங்கள், கையெழுத்துச் சாவிகளை அந்தக் கண்டெய்னருக்குள் விடாதீர்கள், புதிய பதிப்பு வந்த அன்றே தாவாதீர்கள். மூன்றும் செலவில்லாத பழக்கங்கள்.

## யாக்டோவுக்குப் போகவேண்டி வந்தால்

பிட்பேக் யோசிக்கும் விதம் மேக்கிலிருந்து அடிப்படையிலேயே வேறு. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு ரெசிபி. அதற்குள் இறக்குதல், விரித்தல், பேட்ச் போடுதல், கான்ஃபிகர், கம்பைல், நிறுவுதல், பேக்கேஜ் செய்தல் என்று தனித்தனி டாஸ்குகள். ஒவ்வொரு டாஸ்குக்கும் அதன் உள்ளீடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கையொப்பம் கணக்கிடப்படும்: சோர்ஸ், ஃபிளாகுகள், மாறிகள், சார்ந்திருக்கும் டாஸ்குகளின் கையொப்பங்கள். கையொப்பம் மாறினால் மறுபடி ஓடும், மாறாவிட்டால் எஸ்ஸ்டேட் கேஷிலிருந்து பலனை எடுத்துக்கொள்ளும். ஸ்டீவ் ஜான்சன் மாட்டிக்கொண்ட குழியின் இன்னொரு வடிவம், அதாவது கம்பைலர் ஃபிளாக் மாறியும் மறுபடி கட்டாமல் போவது, இங்கே நடக்காது. எஸ்ஸ்டேட்டைக் குழு முழுவதும் எச்டிடிபி வழியே பகிர்ந்துகொள்ளலாம். சிஐ, அதாவது மாற்றங்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சர்வர், இரவில் கட்டியதைக் காலையில் வரும் எல்லோரும் கட்டாமலே பெறுவார்கள்.

தொடங்குவது இப்படி. ஸ்கார்த்கேப், அதாவது 2024 ஏப்ரலில் வந்த 5.0, போன்ற நீண்டகால ஆதரவு வெளியீட்டை எடுங்கள். ஓஇ இனிட் பில்ட் என்வ் ஸ்கிரிப்டை ஷெல்லில் சோர்ஸ் செய்தால் பில்ட் கோப்புறை உருவாகும். லோக்கல் டாட் கான்ஃபில் மெஷின் மாறிக்கு க்யூஎமுஆர்ம்64 கொடுத்து, பிட்பேக் கோர் இமேஜ் மினிமல் ஓட்டுங்கள். முடிந்ததும் ரன்க்யூஎமு. டிஸ்க்கில் 150 ஜிபியாவது ஒதுக்கிவையுங்கள். இடம் நெருக்கடி என்றால் ஆர்எம் ஒர்க் என்ற வகுப்பைச் சேர்த்தால், முடிந்த பேக்கேஜ்களின் வேலைக் கோப்புறையை அதுவே நீக்கும்.

உங்கள் மாற்றங்களை உங்கள் சொந்த லேயரில் மட்டும் வையுங்கள். வேறொரு லேயரின் ரெசிபியை மாற்ற வேண்டுமானால் அதைத் திருத்தாமல் பிபிஅப்பெண்ட் கோப்பு எழுதுங்கள். ஒரு மாறிக்கு எங்கிருந்து இந்த மதிப்பு வந்தது என்று குழம்பினால் பிட்பேக் கட்டளையோடு மைனஸ் இ கொடுத்துப் பாருங்கள். எந்தக் கோப்பின் எந்த வரி அதை மாற்றியது என்ற முழு வரலாறும் வரும். யாக்டோவில் எனக்கு மிகப் பிடித்த ஒற்றை வசதி அதுதான்.

லேயர்கள் ஐந்தாறு களஞ்சியங்களில் இருக்கும். அவற்றின் கமிட்டுகளைக் கையால் ஒத்திசைக்காதீர்கள். சீமென்ஸ் உருவாக்கிய காஸ் கருவியின் யாமல் கோப்பில் ஒவ்வொரு லேயருக்கும் கமிட் ஹேஷ் எழுதிவிட்டால், ஒரே கட்டளையில் இறக்கிக் கட்டிவிடும். எந்த ரெசிபியிலாவது ஆட்டோரெவ் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிளையின் கடைசி கமிட்டை எடு என்று அதற்குப் பொருள். உருவாக்கும்போது வசதி, வெளியிடும் இமேஜில் இருக்கவே கூடாது.

## மைக்ரோகண்ட்ரோலர் என்றால்

இங்கே ரூட் ஃபைல் சிஸ்டம் கிடையாது, இமேஜ் ஒரே பைனரி. செஃபிர் என்ற சின்ன இயங்குதளம் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறது: சிமேக், நிஞ்சா, கேகான்ஃபிக், டிவைஸ் ட்ரீ. இவற்றுக்கு மேலே வெஸ்ட் என்ற கருவி. வெஸ்ட் யாமல் கோப்பில் ஒவ்வொரு மாட்யூலின் கமிட்டும் பூட்டப்பட்டிருக்கும், வெஸ்ட் அப்டேட் அதையே இறக்கும். வெஸ்ட் பில்டோடு போர்டின் பெயரைக் கொடுத்தால் கட்டும். க்யூஎமு கார்டெக்ஸ் எம்3 என்று கொடுத்தால் எமுலேட்டரிலேயே ஓட்டலாம். சோதனைகளுக்கு ட்விஸ்டர். ஃப்ரீஆர்டிஓஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு இப்படி ஒருங்கிணைந்த கருவி இல்லை. சிமேக்கில் நீங்களே அடுக்கிக்கொண்டு, சிப் நிறுவனத்தின் ஐடிஇ-க்குள் இருக்கும் பில்ட் அமைப்பை அன்றே வெளியே கொண்டுவந்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால்தான் கட்டும் திட்டத்தைத் தானியங்கியாக்க முடியாது.

## படி 7: சிஐ-யில் ஏற்றி, பூட் செய்து பாருங்கள்

ஜென்கின்ஸோ கிட்லேப் சிஐ-யோ, எதுவானாலும் ஒரு விதி: சிஐ கோப்பில் லாஜிக் இருக்கக்கூடாது. கண்டெய்னரைத் தொடங்கி உங்கள் களஞ்சியத்தில் உள்ள பில்ட் ஸ்கிரிப்டை அழைப்பதோடு அது முடிய வேண்டும். அப்போதுதான் சிஐ-யில் உடைந்ததை உங்கள் கணினியில் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம், நாளை சிஐ கருவி மாறினாலும் கவலையில்லை.

இரண்டு வகை ஓட்டம் வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேகமானது, கேஷோடு. பில்ட்ரூட்டில் சிகேஷை (கம்பைல் பலன்களைச் சேமிக்கும் கருவி) இயக்கி, டவுன்லோட் கோப்புறையைப் பகிருங்கள். தினமும் இரவில் இன்னொன்று, கேஷ் எதுவும் இல்லாமல் காலியிலிருந்து. பகல் ஓட்டம் பச்சையாக இருந்து இரவு ஓட்டம் சிவப்பானால், எங்கோ எழுதப்படாத ஒரு சார்பு ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதை அன்றே தேடுங்கள்.

கம்பைல் ஆனதால் இமேஜ் வேலை செய்கிறது என்றாகாது. பைத்தானின் பிஎக்ஸ்பெக்ட் லைப்ரரியைக் கொண்டு முப்பது வரியில் ஒரு சோதனை எழுதலாம்: க்யூஎமுவைத் தொடங்கு, லாகின் வரி வரும்வரை காத்திரு, உள்ளே போ, உங்கள் சர்வீஸ் ஓடுகிறதா என்று பார், அணை. காலவரம்பு கட்டாயம் வேண்டும். கர்னல் தொங்கிவிட்டால் சோதனையும் தொங்கக்கூடாது. நிஜப் போர்டில் இதையே செய்ய லேப்கிரிட், லாவா போன்ற கருவிகள் உண்டு. அவை மின்சாரத்தை அணைத்துப் போடும், சீரியல் போர்ட்டைப் படிக்கும்.

## படி 8: பைட்டுக்கு பைட் ஒன்றா?

ஒரே கமிட்டை இரண்டு வெவ்வேறு கோப்புறைகளில், வெவ்வேறு நேரத்தில் கட்டி, இமேஜ்களின் ஷா-256 மதிப்புகளை ஒப்பிடுங்கள். முதல் முறை பெரும்பாலும் வேறுபடும். ஏன் என்று காட்ட டிஃபோஸ்கோப் என்ற அருமையான கருவி உண்டு. இமேஜையும், அதற்குள் உள்ள கோப்புகளையும், அவற்றுக்குள் உள்ளதையும் பிரித்துப் பிரித்து வேறுபாட்டைக் காட்டும்.

குற்றவாளிகள் பெரும்பாலும் சிலரே. சி கோடில் கம்பைல் செய்த தேதியையும் நேரத்தையும் பதிக்கும் மேக்ரோக்கள் இருக்கும், அவற்றை நீக்கி கிட் கமிட் ஹேஷைப் பதியுங்கள். கர்னல் தன்னைக் கட்டியவரின் பெயரையும் கணினியின் பெயரையும் நேரத்தையும் பதித்துக்கொள்ளும், கேபில்ட் மாறிகளில் நிலையான மதிப்பு கொடுங்கள். பில்ட் கோப்புறையின் பாதை பிழைத்திருத்தத் தகவலில் ஒட்டிக்கொள்ளும், ஜிசிசி 8 முதல் இருக்கும் ஃபைல் பிரிஃபிக்ஸ் மேப் என்ற தேர்வு அதைத் துடைக்கும். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போது ஒவ்வொரு முறையும் புதிய யூயுஐடி என்ற அடையாள எண் பிறக்கும், நிலையான ஒன்றைக் கொடுங்கள். படிக்க மட்டுமான ரூட் போதுமென்றால் ஸ்குவாஷ்எஃப்எஸ் இன்னும் எளிது. அதன் கருவி 4.4 பதிப்பிலிருந்து இயல்பாகவே ஒரே உள்ளீட்டுக்கு ஒரே இமேஜைத் தரும். நேரத்துக்குப் பொதுவான தீர்வு சோர்ஸ் டேட் ஈபாக் என்ற சூழல் மாறி. பல கருவிகள் அது இருந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் அதையே நேரமாக எடுத்துக்கொள்ளும். பில்ட்ரூட்டில் ரீப்ரொடியூசிபிள் தேர்வை இயக்கினால் இதில் ஒரு பகுதியை அதுவே செய்யும், ஆனால் அதைச் சோதனை நிலை என்றே குறித்திருக்கிறார்கள்.

இது வெறும் நேர்த்திக்காக இல்லை. ஒரு வரி மாற்றத்துக்கு இமேஜில் எந்தெந்த பைட்டுகள் மாறின என்று காட்ட முடிந்தால், மறுசோதனையின் அளவே குறையும்.

## படி 9: உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல்

மேக் லீகல் இன்ஃபோ ஓட்டினால் ஒவ்வொரு பேக்கேஜின் பெயர், பதிப்பு, உரிமம் கொண்ட பட்டியலும், உரிம வாசகங்களும், சோர்ஸ் கோப்புகளும் ஒரே இடத்தில் சேரும். ஜிபிஎல் உரிமம் கேட்கும் சோர்ஸைக் கொடுக்க இதுவே ஆதாரம். யாக்டோவில் எஸ்பிடிஎக்ஸ் வடிவில் எஸ்பாம் (மென்பொருளின் உட்கூறுப் பட்டியல்) உருவாக்கும் வகுப்பும், தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளைச் சரிபார்க்கும் சிவிஇ வகுப்பும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் டிஜிட்டல் பொருள்களுக்கான சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலாகின்றன, எஸ்பாம் அவற்றில் ஒன்று. இந்தப் பட்டியலை ஒவ்வொரு வெளியீட்டோடும் சிஐ-யே எடுத்து வைக்கட்டும்.

## படி 10: நெட்வொர்க்கைத் துண்டித்து ஒத்திகை

வெளியிட்ட ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெட்டகம் வையுங்கள்: உங்கள் களஞ்சியத்தின் டேக், பில்ட்ரூட்டின் கமிட், கண்டெய்னர் இமேஜ், டவுன்லோட் கோப்புறை முழுதும், இமேஜின் ஷா-256 மதிப்பு. பிழை வந்தால் ஸ்டாக் ட்ரேஸைப் படிக்க உதவும், ஸ்ட்ரிப் செய்யாத (பிழைத்திருத்தத் தகவலை நீக்காத) பைனரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை, பில்டை இதுவரை தொடாத ஒருவரை அழையுங்கள். புதிதாக நிறுவிய கணினி ஒன்றையும் இந்தப் பெட்டகத்தையும் கொடுத்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கெல்லாம் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அதையெல்லாம் குறித்துக்கொண்டு ரீட்மீ கோப்பிலும் ஸ்கிரிப்டிலும் சரிசெய்யுங்கள். கடைசியில் அவர் எடுத்த இமேஜின் ஷா-256 மதிப்பைப் பெட்டகத்தில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.